மேன்டிஸ் இறால்: குத்தும் வகையா, ஈட்டி வகையா?

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்து மேன்டிஸ் இறால் (இறால் போன்ற, வேட்டையாடும் கடல் உயிரி) வளர்க்க ஆசையா? முதலில் வகையை முடிவு செய்யுங்கள்.

மயில் மேன்டிஸ் குத்தும் வகை, அதாவது முஷ்டியால் குத்துவதுபோல் இரையை அடிக்கும். சுமார் 18 செ.மீ. வரை வளரும். நொடிக்கு 23 மீட்டர் வரை போகும் வேகத்தில் குத்தி, நத்தை, நண்டின் ஓட்டை உடைத்துத் தின்னும். அதனால் மெல்லிய கண்ணாடித் தொட்டி வேண்டவே வேண்டாம். பகலிலும் வெளியே வந்து, காம்புக் கண்களை உருட்டி நம்மையே கவனிக்கும். அந்தப் பார்வைக்காகவே இதை வளர்க்கலாம்! பதுங்கப் பாறை இடுக்கோ குழாய்த் துண்டோ கொடுத்தால் போதும்.

வரிக்குதிரை மேன்டிஸ் ஈட்டி வகை, அதாவது கூரிய முன்கால்களால் இரையைக் குத்திப் பிடிக்கும்; ஏறத்தாழ 40 செ.மீ. வரை நீளும். வளை தோண்ட ஆழமான மணல் கட்டாயம். மீன் நெருங்கும்வரை வளைக்குள்ளேயே காத்திருக்கும். பெரும்பாலும் கண்கள் மட்டும்தான் தெரியும். பொறுமைசாலிகளுக்குச் சரி.

எதுவானாலும் தனித் தொட்டிதான். முதல்முறை என்றால் மயிலையே சொல்வேன்.