மிளகாய்த்தூளும் இரும்பாம்: ஒரு செவ்வாய் றோவர் பொம்மை

மட்டக்களப்பு நகரில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் 'செவ்வாய் மண் ஆய்வு' என்று எழுதிய பெட்டியைக் கண்டேன். விலை 6,500 ரூபா. விஞ்ஞானம் படிப்பிக்கிறவளுக்கு வாங்காமல் வர மனம் வருமா? ஆறு சில்லு றோவர் (செவ்வாயில் ஓடும் ஆய்வு வண்டியின் பொம்மை), றிமோட், குட்டி அகப்பை, அரிதட்டு, காந்தம், கைவில்லை, விளக்க அட்டை எல்லாம் உள்ளே இருந்தன. பற்றரி நாங்கள்தான் போட வேண்டும்.

சீமெந்துத் தரையில் நன்றாக ஓடுகிறது. கல்லடிக் கடற்கரையின் காய்ந்த மணலில் புதைந்துவிடுகிறது. அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். நாஸாவின் ஸ்பிரிட் றோவரே 2009இல் செவ்வாயின் பொலபொல மண்ணில் புதைந்து, கடைசிவரை வெளியே வரவில்லை.

என் கோபமெல்லாம் பொம்மையின் 'கனியம் காட்டும்' லைட்டில்தான். சிவப்பு எரிந்தால் இரும்பு என்கிறது அட்டை. செங்கல் தூளுக்குச் சிவப்பு எரிந்தது, சரி. மிளகாய்த்தூளை வைத்தேன், அதற்கும் சிவப்பு! நிறத்தை மட்டுமே பார்க்கிறது.

உண்மையான றோவரான நாஸாவின் கியூரியோசிட்டி 2012 ஒக்டோபரில் செவ்வாயின் கேல் பள்ளத்தில் ரொக்நெஸ்ட் என்ற இடத்து மணலை அள்ளியபோது, முதல் அள்ளலைத் தன் உள்பாகங்களைத் தேய்த்துச் சுத்தமாக்கவே செலவழித்தது. பிறகு அள்ளியதை அரித்து, 0.15 மில்லிமீற்றருக்கு உட்பட்ட தூளைக் கெமின் என்ற கனியம் இனங்காணும் கருவிக்குள் போட்டு, அதிரவைத்து, எக்ஸ் கதிரைப் பாய்ச்சியது. ஒவ்வொரு கனியத்தின் பளிங்கும் கதிரைத் தனக்கே உரிய கோணங்களில் திருப்பும். ஆளைப் பிடிப்பது அதை வைத்துத்தான். பெல்ட்ஸ்பார், பைரொக்சீன், ஒலிவின் என்ற கனியங்கள் இருப்பதாக விடை வந்தது. கிட்டத்தட்ட ஹவாய் எரிமலை மண். பளிங்காகாத பொருளும் நிறையவே இருந்தது. இதில் ஒரு வரிகூட அட்டையில் இல்லை.

ஆனால் காந்தமும் கைவில்லையும் அருமை. அலை ஒதுக்கிய கறுப்பு மணலைக் காயவைத்து, கடதாசியில் பரப்பி, அடியில் காந்தத்தை நகர்த்தினோம். கொஞ்சம் மணிகள் முள்ளம்பன்றி மாதிரிச் சிலிர்த்து நின்றன, மிச்சம் அசையவேயில்லை. "ரெண்டும் கறுப்புத்தானே அம்மா, இது மட்டும் ஏன் வருதில்ல?" என்றாள் மகள். அந்த லைட்டை வைத்துக்கொண்டு வருஷம் முழுக்க விளையாடினாலும் இந்தக் கேள்வி வந்திராது.

அகப்பையின் பிடி அதற்குள் கழன்று, பசை போட்டு ஒட்டியாயிற்று. 6,500 அதிகம்தான்; பேசிக் குறைத்து வாங்குங்கள். அட்டையைப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டாம்.