தீம் பார்க் பர்த்டே: எது குடுக்குது, எது புடுங்குது?

போன வருஷம் கோடையில அக்கா வீட்டுக்கு கலிஃபோர்னியா போயிருந்தப்ப எல்லாரும் சேர்ந்து டிஸ்னிலேண்ட் 70வது வருஷக் கொண்டாட்டத்துக்குப் போனோம். உள்ள போனதும் சிட்டி ஹால்ல ஒரு அம்மா அக்கா பொண்ணுக்கு 'முதல் தடவை வந்திருக்கேன்'னு போட்ட வட்டமான பேட்ஜ் ஒண்ண குடுத்து, அதுல அவ பேரை மார்க்கர்ல எழுதியும் குடுத்தாங்க. காசு கிடையாது. அதுக்கப்புறம் அன்னிக்கு முழுக்க ரைடு ஓட்டுறவங்க, குப்பை கூட்டுறவங்க, ஐஸ்கிரீம் விக்கிறவங்கன்னு எல்லாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட, ஆறு வயசுப் புள்ளைக்கு அது போதும்ல, ராத்திரி தூங்குறப்ப கூட கழட்ட விடல. ஆனா திரும்பி வர்ற வழியில அத்தான் கார் ஓட்டிக்கிட்டே, "மாப்ள, இப்பல்லாம் எந்தப் பார்க்கா இருந்தாலும் சரி, பர்த்டேங்கிறது கல்லா கட்ட ஒரு சாக்குதான்"னு ஆரம்பிச்சாரு. நான் இல்லைன்னேன். வீடு வர்ற வரைக்கும் சண்டை.

அப்புறம் உக்காந்து ஒவ்வொரு கொண்டாட்டமா எடுத்துப் பார்த்தேன். அத்தான் சொன்னதுல பாதி சரி, ஆனா எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டுறது தப்பு. நான் வச்சுக்கிட்ட அளவுகோல் மூணுதான். கேட் டிக்கெட் மட்டும் வாங்கிட்டு வர்ற ஒரு குடும்பத்துக்கு அந்தக் கொண்டாட்டத்துல என்ன கிடைச்சுது, தோரணத்தை எல்லாம் அவுத்ததுக்கு அப்புறம் அந்த இடத்துல என்ன மிச்சம் இருந்துச்சு, அதே நேரத்துல சும்மா கிடைச்சிட்டிருந்த ஏதாவது காசுக்கு மாறிச்சா. மூணாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியம்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், "அந்தக் காலத்துல எல்லாம் மனசோட பண்ணாங்க, இப்பதான் வியாபாரம்"னு சொல்றது சரியில்ல. 1955 ஜூலை 17 அன்னிக்கு டிஸ்னிலேண்ட் தொறந்ததே டிவி கம்பெனி காசையும் சேர்த்து வச்சுத்தான். ஏபிசி 5 லட்சம் டாலர் போட்டு, 45 லட்சம் டாலர் கடனுக்கு கியாரண்டியும் குடுத்து, பதிலுக்கு பார்க்குல மூணுல ஒரு பங்குக்கு மேல வாங்கிக்கிச்சு. தொறப்பு விழாவை டிவியில நேரலையா நடத்திக் குடுத்த ஆர்ட் லிங்க்லெட்டர் சம்பளத்தைக் குறைச்சு வாங்கிட்டு, பார்க்குக்குள்ள பத்து வருஷத்துக்கு கேமராவும் ஃபிலிமும் விக்கிற உரிமையைக் கேட்டு வாங்கினாரு. பார்க்குக்குள்ள நுழைஞ்சதும் வர்ற மெயின் ஸ்ட்ரீட்ங்கிற கடை வீதியில உள்ளாடை கடை கூட ஒண்ணு இருந்துச்சு. அன்னிக்கு செம வெயில், புதுசா போட்ட தார் இளகி பொம்பளைங்க ஹீல்ஸ் உள்ள புதைஞ்சுச்சு, பிளம்பர் ஸ்ட்ரைக் முடிஞ்சு வேலைக்கு நேரம் பத்தாம கழிப்பறையா குடிதண்ணிக் குழாயான்னு கேள்வி வந்தப்ப கழிப்பறையைத்தான் முடிச்சாங்க. வந்த ஜனங்க, குடிக்கத் தண்ணி கிடைக்காம பண்ணதே கூல்ட்ரிங்க்ஸ் விக்கத்தான்னு திட்டினாங்க. அதாவது 'ரொம்ப கமர்ஷியல்'ங்கிற புகார் தொறந்த அன்னிக்கே வந்தாச்சு, அதுக்கும் இப்ப 70 வயசு.

சரி, கொண்டாட்டங்களுக்கு வருவோம். எனக்குத் தெரிஞ்சு மனசு நிறைஞ்ச கொண்டாட்டம்னா டிஸ்னிலேண்டோட 30வது வருஷம், 1985. கேட்டுக்கிட்ட பரிசு குடுக்கிற மெஷின் ஒண்ண வச்சு, உள்ள வர்ற ஒவ்வொரு 30வது ஆளுக்கும் ஒரு பரிசுன்னு குடுத்தாங்க, அதுல பெரிய பரிசு ஜெனரல் மோட்டார்ஸ் கார். கார் கம்பெனிக்கு அது விளம்பரம்தான், பார்க்குக்கு கூட்டம்தான், அதை யாரும் மறைக்கல. ஆனா திசையைப் பாருங்க. பர்த்டே பார்க்குக்கு, பரிசு வந்தவங்களுக்கு. நம்ம ஊர்ல பொறந்தநாள் புள்ள எல்லாருக்கும் சாக்லேட் குடுக்குமே, அந்த மாதிரி. குடுக்கிறவன் லாபத்தோட குடுத்தாலும் வாங்கிட்டு வீட்டுக்குப் போறவன் சந்தோஷமாத்தான போறான்.

ஃப்ளோரிடாவுல வால்ட் டிஸ்னி வேர்ல்டு 25வது வருஷத்துக்கு, 1996 அக்டோபர்ல இருந்து 1998 ஜனவரி வரைக்கும், சின்ட்ரெல்லா கோட்டைக்கே ரோஸ் கலர் அடிச்சு பர்த்டே கேக் மாதிரி மாத்தி வச்சாங்க. நிறைய பேருக்குப் புடிக்கல, வாழ்க்கையில ஒரே தடவை வந்தவங்க கோட்டைக்கு முன்னால போட்டோ எடுக்க ஆசைப்பட்டு கேக் முன்னால எடுத்துட்டுப் போனாங்க. அது ரசனைக் கோளாறுன்னு சொல்லலாம், ஆனா யார் பாக்கெட்லயும் கை வைக்கல. அதனால அதை நான் குத்தப் பட்டியல்ல சேர்க்கல.

2005ல டிஸ்னிலேண்ட் 50. இங்கதான் ஒரு விஷயம் மாறுது. ஒரு நாள் பர்த்டே 18 மாசக் கொண்டாட்டம்னு ஆச்சு, மே 5ஆம் தேதியே ஆரம்பிச்சு அடுத்த வருஷம் செப்டம்பர் வரைக்கும் இழுத்தாங்க. ஏன் 18 மாசம்னா, தூரத்துல இருக்கிற குடும்பம் லீவு போட்டு, டிக்கெட் போட்டு, ஹோட்டல் எடுத்து வர்றதுக்கு ஒரு ரெண்டு கோடை லீவாவது வேணும், அவ்வளவுதான் கணக்கு. வியாபாரக் கணக்குதான், ஆனா உள்ள குடுத்தது கம்மி இல்ல. 1955ல இருந்தே இருக்கிற டீகப், ஆட்டோபியா கார் மாதிரி ரைடுகள்ல தலா ஒரு வண்டிக்கு மட்டும் தங்கக் கலர் அடிச்சு விட்டாங்க. க்யூவுல நின்னுக்கிட்டு நமக்கு தங்கக் கப் வருமா வராதான்னு புள்ளைங்க எண்ணிக்கிட்டே நிக்குங்க. பெயிண்டுக்கு எவ்வளவு செலவாகியிருக்கும்? ஆனா அந்த யோசனை பண்ணவங்களை இன்னிக்கும் கையெடுத்துக் கும்பிடலாம். அதோட புது வாணவேடிக்கை, புது பரேடு, ரெண்டு வருஷம் மூடி வச்சு சரிபண்ண ஸ்பேஸ் மவுன்டன் ரைடு, இது எல்லாமே கேட் டிக்கெட்டுக்குள்ள. வாணவேடிக்கையை கொண்டாட்டம் முடிஞ்சும் பல வருஷம் வச்சிருந்தாங்க. என் அளவுகோல்ல மூணுலயும் பாஸ்.

2015ல 60வது வருஷத்துக்கு மே 22 அன்னிக்கு 24 மணி நேரம் பார்க்கைத் தொறந்து வச்சாங்க, ராத்திரி பரேடு, கோட்டை மேல வைரம். நல்லாத்தான் இருந்துச்சு, பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா கொண்டாட்டம் நடந்துக்கிட்டு இருக்கும்போதே, 2016 பிப்ரவரியில, கூட்டம் வர்ற நாளுக்கு ஒரு ரேட், வராத நாளுக்கு ஒரு ரேட்னு டிக்கெட்டைப் பிரிச்சாங்க.

அத்தான் சொன்னது நூத்துக்கு நூறு பொருந்துற இடம்னா 2021 அக்டோபர் 1, வால்ட் டிஸ்னி வேர்ல்டு 50வது வருஷம். இதுவும் 18 மாசம், 2023 மார்ச் 31 வரைக்கும். நாலு பார்க்குலயும் சேர்த்து 50 தங்கச் சிலைங்க வச்சாங்க, தேடித் தேடி போட்டோ எடுக்க நல்லா இருந்துச்சு, அதைக் குறை சொல்லல. ஆனா தேதியைப் பாருங்க. அக்டோபர் 1 கொண்டாட்டம் ஆரம்பம். அக்டோபர் 19 ஜீனி பிளஸ்னு க்யூ தாண்டுற காசு பாஸ் ஆரம்பம், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டாலர்ல. க்யூவைத் தாண்டிப் போக 1999ல இருந்து சும்மா குடுத்துட்டிருந்த ஃபாஸ்ட்பாஸ் இருந்த இடத்துல காசு குடுத்து வாங்குற க்யூ வந்துச்சு, பெரிய ரைடுகளுக்கு அதுக்கும் மேல தனியா காசு. நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 60 டாலர், அதுவரைக்கும் அது சைபர். 2022 ஜனவரியில ஏர்போர்ட்ல இருந்து பார்க் ஹோட்டலுக்கு சும்மா கூட்டிட்டுப் போன பஸ்ஸையும் நிறுத்திட்டாங்க. அதாவது தாத்தாவுக்கு 50வது கல்யாண நாள்னு சொந்தக்காரங்களை எல்லாம் வரவழைச்சு, அந்த வாரமே பந்தியில இலைக்கு இவ்வளவுன்னு ரேட் போட்ட மாதிரி.

கொரோனா சமயம், பார்க் மாசக்கணக்கா மூடியிருந்துச்சு, ஆள் இல்ல, கட்டுற வேலையெல்லாம் நின்னு போச்சு, அதெல்லாம் உண்மை, அதுக்கு ஒரு பங்கு விட்டுக் குடுக்கத்தான் வேணும். எலி சமையல்காரன் படத்து ரைடு அக்டோபர் 1 அன்னிக்கே தொறந்துச்சு, அடுத்த மே மாசம் அந்த நாலு பார்க்குல ஒண்ணான எப்காட்ல கார்டியன்ஸ் படத்து ரைடு வந்துச்சு, ரெண்டுமே நல்ல ரைடு. ஆனா 50வது வருஷத்துக்குன்னு சொல்லிக் கட்ட ஆரம்பிச்ச டிரான் ரைடு தொறந்தது 2023 ஏப்ரல் 4, கொண்டாட்டம் முடிஞ்சு நாலு நாள் கழிச்சு. புதுசா போட்ட வாணவேடிக்கையில ஆரம்பத்துல வால்ட் டிஸ்னியைப் பத்தி ஒரு வரி கிடையாது, ரசிகர்கள் வருத்தப்பட்டுக் கேட்டதுக்கு அப்புறம்தான் அவரையும் அண்ணன் ராயையும் சேர்த்தாங்க. கொண்டாட்டம் முடிஞ்ச மூணாவது நாளே அந்த ஷோவை எடுத்துட்டு பழைய ஷோவையே கொண்டு வந்தாங்க. ஆக புது ஷோ போயிடுச்சு, தங்கக் கலர் போயிடுச்சு, காசு க்யூ மட்டும் நின்னுடுச்சு. இன்னிக்கு வேற பேர்ல, அன்னிக்கு இருந்த 15ஐ விட அதிக ரேட்ல, இன்னமும் இருக்கு.

இதே டிஸ்னி பேர்ல ஜப்பான்ல என்ன நடந்துச்சுன்னு பார்த்தா வித்தியாசம் புரியும். டோக்கியோ டிஸ்னிலேண்டை நடத்துறது ஓரியண்டல் லேண்ட்னு ஒரு ஜப்பான் கம்பெனி, டிஸ்னிகிட்ட லைசென்ஸ் வாங்கி நடத்துறாங்க. தொறந்தது 1983 ஏப்ரல் 15. அங்கயும் 2022லயே காசு குடுத்து வாங்குற பாஸ் வந்தாச்சு. ஆனா 2023ல 40வது வருஷம் வந்தப்ப, ஜூலை 26ல இருந்து '40வது வருஷ பிரயாரிட்டி பாஸ்'னு ஒண்ணு விட்டாங்க, அது இலவசம்! கொண்டாட்டத்தோட பேரையே வச்சு, வின்னி த பூ கரடி ரைடு, பிக் தண்டர் மவுன்டன் மாதிரி பழைய ரைடுகளுக்கு சும்மா பாஸ். ரொம்பப் புதுசா வந்த பெரிய ரைடுகளுக்கு காசு பாஸ்தான், அதையும் சொல்லணும். கடையும் அங்க கம்மி இல்ல, பாப்கார்ன் பக்கெட்டை ஒரு கலையாவே ஆக்கி வச்சிருக்கிற ஊர் அது, சாமான் மேல சாமானா விக்கிறாங்க. ஆனா எதையும் வாங்காம வர்றவனுக்கும் பர்த்டேன்னு சொல்லி கையில ஒண்ண குடுத்தாங்கல்ல, புது பரேடும் போட்டாங்க. ஒரே எலி, ஒரே கோட்டை, ரெண்டு வருஷ இடைவெளியில ஒரு ஊர்ல சும்மா இருந்தது காசாச்சு, இன்னொரு ஊர்ல காசுக்குப் பக்கத்துலயே சும்மாவும் வந்துச்சு.

இன்னொரு பக்கம் நெதர்லாந்துல எஃப்டெலிங். 1952 மே 31 தொறந்தது, டிஸ்னிலேண்டுக்கே மூணு வயசு மூத்தது. ஆன்டன் பீக்னு ஒரு ஓவியர் வரைஞ்ச தேவதைக் கதை காடுதான் அதோட உயிர். முக்கியமான விஷயம், அதுக்குச் சொந்தக்காரங்க ஒரு அறக்கட்டளை, ஷேர் மார்க்கெட்டுக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை கணக்கு காட்டுற அவசரம் கிடையாது. அது கொண்டாட்டத்துலயே தெரியும். 60வது வருஷம், 2012 மே 31 அன்னிக்கே அக்வானுரான்னு பெரிய தண்ணி ஷோவைத் தொறந்தாங்க, இன்னிக்கும் ஓடுது. 65வது வருஷம், 2017ல சிம்பாலிக்கான்னு ஒரு அரண்மனை ரைடு, 3.5 கோடி யூரோ செலவு பண்ணி கட்டினாங்க, அதுவும் நிக்குது. பேனர் கட்டி அவுக்கிற கொண்டாட்டத்துக்கும், பர்த்டேக்கு வீட்டுல ஒரு ரூம் சேர்த்துக் கட்டுற கொண்டாட்டத்துக்கும் இவ்வளவு வித்தியாசம். நிக்கிறதைப் பொறுத்த வரைக்கும் எனக்கு இதுதான் முதல் இடம்.

சாமான் விக்கிறதே தப்பான்னு கேட்டா, இல்லைங்க. நினைவா ஒண்ணு வாங்கிட்டு வர்றது கோயில் திருவிழாவுல வளையல் வாங்குற மாதிரிதான். எங்க வலிக்கும்னு சொல்றேன். சில வருஷம் முன்னாடி வேற ஒரு பார்க்ல, பேர் வேணாம், வருஷ விழாவுக்குன்னு விட்ட ஒரு கப்புக்காக காலையில ஒன்றரை மணி நேரம் நின்னேன். எனக்கு முன்னால நின்ன ஒரு ஆள் ரெண்டு பெரிய பை கொண்டு வந்து ஒவ்வொரு கலர்லயும் நாலு நாலா எடுத்தாரு, என் முறை வந்தப்ப காலி. பின்னால நின்ன ஒரு பாட்டி பேரனைப் பார்த்து, "அடுத்த தடவை வாங்கலாம்பா"ன்னு சொன்னாங்க. அடுத்த தடவை எங்க வரப் போறாங்க? சாயந்தரம் பார்த்தா அதே கப் ஆன்லைன்ல ரெண்டு மடங்கு விலைக்கு நிக்குது. ஆளுக்கு ஒண்ணுன்னு ஒரு போர்டு வச்சிருந்தா அந்தப் பாட்டிக்கும் கிடைச்சிருக்கும், பார்க்குக்கும் ஒரு ரூபா நஷ்டம் இல்ல.

இப்ப டிஸ்னிலேண்ட் 70க்கு வருவோம். 2025 மே 16 ஆரம்பிச்சு 2026 கோடை வரைக்கும். இதை நடுவுலதான் வைப்பேன். ஒரு நாள் டிக்கெட் நாங்க போனப்ப நாளைப் பொறுத்து 104ல இருந்து 206 டாலர், க்யூ தாண்டுற பாஸ் தனிக் காசு, அதனால மூணாவது அளவுகோல்ல பெருசா பெருமைப்பட ஒண்ணுமில்ல, அது முன்னாடியே போன சொத்து, இந்தக் கொண்டாட்டத்துல போனது இல்ல. தண்ணி ஷோ பக்கத்துப் பார்க்குல, அதுக்கு அந்த டிக்கெட்டும் வேணும். ராத்திரி பரேடும் 60வது வருஷத்துப் பரேடையே திரும்ப கொண்டு வந்ததுதான். ஆனா ஜூலை 17 அன்னிக்கு மெயின் ஸ்ட்ரீட் ஓப்பரா ஹவுஸ்ல வால்ட் டிஸ்னியையே ஒரு எந்திர உருவமா எழுப்பி ஷோ தொறந்தாங்க. அவர் பேத்தி ஒருத்தர் இது வேண்டாம்னு வெளிப்படையாவே எதிர்த்தாங்க, அவங்க வருத்தம் எனக்குப் புரியுது, தாத்தாவை எந்திரமா பார்க்க யாருக்கு மனசு வரும். அதே சமயம் அந்த ஷோவுக்கு தனி டிக்கெட் கிடையாது, ஏசி போட்ட ஹால்ல உக்காந்து யார் வேணா இந்த இடம் எப்படி வந்துச்சுன்னு கேட்டுட்டுப் போகலாம். கொண்டாட்டத்தை ஒரு வரலாறோட முடிச்சுப் போட்டாங்கல்ல, ஃப்ளோரிடாவுல விட்டது அதுதான்.

அப்புறம் ஸ்மால் வேர்ல்டுங்கிற பழைய ரைடோட கட்டடத்து மேல ராத்திரி போடுற லைட் ஷோ. நாங்க தரையில உக்காந்திருந்தோம், பக்கத்துல ஒரு மெக்சிக்கோ குடும்பம், அவங்க கொண்டு வந்த மாங்காயில கொஞ்சம் எங்க புள்ளைக்கும் குடுத்தாங்க. பழைய ரைடுகளோட பாட்டு ஒவ்வொண்ணா வர, அந்தக் குடும்பத்துப் பெரியவர் மட்டும் எல்லாத்துக்கும் வாயசைச்சு பாடினாரு. அங்க இருந்த அரை மணி நேரம் எங்க கையில யாரும் எதையும் விக்கல.

அதனால அத்தானுக்கு நான் சொன்ன வரிசை இதுதான்: நிக்கிறதுல எஃப்டெலிங், குடுக்கிறதுல டோக்கியோவும் பழைய 1985ம், மனசைத் தொட்டதுல 2005, நடுவுல 70, கடைசியில ஃப்ளோரிடா 50. அவர் ஃப்ளோரிடாவை மட்டும் வச்சுக்கிட்டு மத்த எல்லாத்தையும் அடிக்கிறாரு, நான் அதை ஒத்துக்க மாட்டேன். 2030 ஜூலை 17 டிஸ்னிலேண்டுக்கு 75. அன்னிக்கு அக்கா பொண்ணுக்கு 11 வயசு இருக்கும். டோக்கியோ மாதிரி ஒரு வருஷம் இலவச பாஸ் ஒண்ணு, கேட்டுல ஒவ்வொரு 75வது ஆளுக்கும் ஒரு சின்னப் பரிசு, டீகப்ல ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் வேற கலர், கடையில ஆளுக்கு ஒரு கப்தான்னு ஒரு போர்டு. பண்ணாங்கன்னா அத்தான் டிக்கெட் நான் எடுக்கிறேன்னு சொல்லியிருக்கேன், அவரும் சரின்னுட்டாரு.