சில்லர் சர்வீஸ்காரர் நீட்டும் பிரிண்ட் தாளை அப்படியே நம்பாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் வாட்டர் கூல்டு சில்லர் (ஏசிக்குத் தண்ணீரைக் குளிரவைக்கும் மெஷின்) வைத்து மண்டபமோ ஹோட்டலோ மில்லோ நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஒரு கல்யாண மண்டபத்தில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன்.

வைகாசி முகூர்த்தம். பந்தி நடக்கும்போது சில்லர் டிரிப் ஆனது. ரீசெட் செய்து ஓட்டினால் சற்று நேரத்தில் மறுபடியும் நின்றது. பெண் வீட்டு ஆச்சி ஒருத்தர் பிளான்ட் ரூம் வாசலுக்கே வந்து, "தம்பி, பச்சப் புள்ளைகள்லாம் அழுகுது, ஏதாச்சும் பண்ணப்பா" என்றார். அந்த முகம் இன்னும் மனதில் இருக்கிறது.

மறுநாள் சர்வீஸ் ஏஜென்ட் வந்தார். சில்லரின் கன்ட்ரோல் பேனலில் நாலு பட்டனை அமுக்கினார். பையிலிருந்து சின்ன பிரிண்டரை எடுத்துக் கேபிளை மாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து முதலாளியிடம் ஒரு தாளைக் கொடுத்தார். அதில் ஆயில் பிரஷர் ரொம்பக் குறைவு. "பேரிங் போச்சு, கம்ப்ரெஸரைப் பிரிக்கணும்" என்று லட்சக்கணக்கில் எஸ்டிமேட். அட்வான்ஸும் வாங்கிக்கொண்டார். "ஹிஸ்டரியையும் பிரிண்ட் போடுங்க சார்" என்று கேட்டேன். "அதுக்கு கம்பெனி பாஸ்வேர்ட் வேணும் தம்பி" என்றார்.

அது பொய். பெரும்பாலான பேனல்களில் ரீடிங் பார்க்க பாஸ்வேர்ட் கேட்காது. செட்பாயின்டை, அதாவது நாம் வைக்கும் அளவை, மாற்றத்தான் கேட்கும். எங்கள் பேனலும் அப்படித்தான். மில்லில் சில்லர் ஓட்டி ரிட்டயரான ஒரு அண்ணன் வந்து ஹிஸ்டரி ஸ்கிரீனைத் திறந்து காட்டினார். சில்லர் நின்ற ஒவ்வொரு தடவையும் தேதி, நேரம், காரணம், அந்த நொடியின் ரீடிங் எல்லாம் பதிவாகி இருந்தன. எல்லாமே கண்டென்ஸர் ஹை பிரஷர், அதாவது கேஸின் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் பகுதியில் அழுத்தம் கூடிப்போனது. ஆயில் பிரஷர் ஒழுங்காகவே இருந்தது. கண்டென்ஸரை விட்டு வெளியேறும் தண்ணீர் 38 டிகிரி, கேஸின் சாச்சுரேஷன் வெப்பம் (கேஸ் அங்கே திரவமாகும் வெப்பம்) 50. சுத்தமான டியூபில் இந்த இடைவெளி இரண்டு மூன்று டிகிரிதான் இருக்கும். இங்கே 12. போர் தண்ணீரின் உப்பு டியூபுக்குள் படிந்து, கேஸின் சூடு வெளியேறித் தண்ணீருக்குப் போக வழியில்லாமல் ஆகியிருந்தது.

அப்புறம் ஏஜென்ட் கொடுத்த அந்தத் தாளை எடுத்துப் பார்த்தோம். ரன்னிங் அவர்ஸ் (சில்லர் இதுவரை ஓடிய மணி நேரம்) 9,400 சொச்சம் என்று இருந்தது. எங்கள் பேனலில் 14,000-ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. குளிர்ந்த தண்ணீர் செட்பாயின்ட் நாங்கள் வைத்திருப்பது 7 டிகிரி, தாளில் 9. வேறு எங்கேயோ எடுத்த தாள் அது! கம்ப்ரெஸரைத் தொடவே இல்லை. கண்டென்ஸர் மூடியைக் கழற்றி, டியூபுக்கெல்லாம் பிரஷ் போட்டு, ஆசிட் வாஷ் செய்தோம். அடுத்த முகூர்த்தத்துக்கு ஒரு டிரிப்கூட இல்லை.

சர்வீஸ் ஆள் பேனலில் கை வைப்பதற்கு முன்பே ஸ்டேட்டஸ், செட்பாயின்ட், ஹிஸ்டரி ஸ்கிரீன்களை செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். பேனல் கடிகாரம் சரியா என்றும் பாருங்கள். அது தப்பாக ஓடினால் தாளில் இருக்கும் தேதி, நேரத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. பிரிண்ட் உங்கள் கண்ணெதிரே வர வேண்டும். வந்தவுடன் ரன்னிங் அவர்ஸையும் ஸ்டார்ட் எண்ணிக்கையையும் பேனலோடு ஒப்பிட்டு, அந்தத் தாளிலேயே அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஒழுங்கான மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார்.

அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டால் அந்த ஏஜென்ட் போனை எடுப்பதில்லை. தாளின் நகல், பேனல் படம் இரண்டையும் வைத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம்.