ஒற்றைக் கயிறு மரமேறும் சாமான் ஆன்லைனில் வாங்குகிறவர்களே, நில்லுங்கள்! 2,860 வெள்ளி போச்சு

2,860 மலேசிய வெள்ளி. சுங்கை சிப்புட் பக்கத்தில் மரம் வெட்டுகிற சின்னக் கொன்டிராக்ட் எடுத்துப் பிழைக்கிறவனுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்லத் தேவையில்லை. அந்தப் பணத்தை ஒரு ஆன்லைன் சந்தையில் ஒருத்தனிடம் கொடுத்து ஏமாந்து நிற்கிறேன். சந்தையின் பெயரை எழுதப் போவதில்லை. ஆளுக்கு ஆள் போனில் வைத்திருக்கிற வகைதான். இதைப் படித்து ஒருவராவது தப்பித்தால் போதும் என்றுதான் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

எங்கள் வேலை என்னவென்றால், பழைய தோட்டத்து பங்களாக்களில் நிற்கிற தூங்குமூஞ்சி மரம், கோயிலோரத்து அரசமரம், வீட்டுக் கூரைமேல் சாய்ந்த டுரியான், இதிலெல்லாம் ஏறிக் கிளை கழிப்பது. செம்பனை வந்து ரப்பர் போன பிறகும் இந்தப் பெரிய மரங்கள் நிற்கத்தான் செய்கின்றன. இவ்வளவு காலமும் ஏணி, இடுப்புக் கயிறு என்று ஓட்டினோம். என் தங்கச்சி மகன்தான் ஒற்றைக் கயிற்று முறையை வீடியோவில் பார்த்துப் பார்த்துப் படித்து, "மாமா, இனிமேல் இப்படித்தான் ஏறணும், இதுதான் பாதுகாப்பு" என்றான். அவன் சொன்னது சரிதான். உயரத்துக் கிளையில் த்ரோ லைன் என்கிற மெல்லிய எறிகயிற்றைப் போட்டு, அதை வைத்துக் கயிற்றை இழுத்து, அடிமரத்தில் கட்டிவிட்டு ஏறலாம். ஆனால் அப்படிக் கட்டினால் ஏறுகிறவன் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு மேல்கிளையில் விழும். உயிர் முழுக்க ஒரே கயிற்றில் நிற்கும். அதனால் சாமானில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது என்று முடிவு பண்ணினோம். உடம்பில் மாட்டிக்கொள்கிற ஹார்னஸ் வார் ஏற்கனவே நல்லதாக ஒன்று இருந்தது. மற்றதெல்லாம் வாங்க வேண்டியிருந்தது: 45 மீட்டர் கயிறு, இறங்க உதவுகிற ரோப் ரெஞ்ச், ஏறுகிற கயிற்றைச் சுற்றிப் பிடிமுடிச்சு போடுகிற ஹிட்ச் கயிறு, கயிற்றில் மேலே நகர்ந்து கீழே சறுக்காமல் பிடிக்கிற ஹேண்ட் அசெண்டர், அதையே காலில் மாட்டுகிற ஃபுட் அசெண்டர், புல்லி, ஐந்து கேரபினர் (திறந்து மூடுகிற உலோகக் கொக்கி), த்ரோ லைன்.

நம்பின கதையைச் சொல்கிறேன், கேளுங்கள். ஆன்லைனில் அவன் வைத்திருந்த கடைப் பக்கத்தில் நட்சத்திரம் நிறைய, படமெல்லாம் பளிச்சென்று இருந்தது. அதற்காக மட்டும் நான் பணம் கட்டவில்லை. முதலில் கேள்வி கேட்டேன். 2011-லேயே, ஏறும் சாமான் செய்கிற பெட்சல் நிறுவனம் தன் சாமானைப் போலவே போலி செய்து விற்கிறார்கள் என்று எச்சரிக்கை விட்டது. அதில் அசெண்டரும் இருந்தது, கேரபினரும் இருந்தது. அது எனக்குத் தெரியும் என்பதால், "அசல்தானா, கயிறு ஈ.என். 1891 ஏ வகைதானா?" என்று எழுதிக் கேட்டேன். உயரத்தில் வேலை செய்கிற கயிற்றுக்கான ஐரோப்பியத் தரம் அது. விற்கிறவன் எழுத்தில் பதில் போடவில்லை. குரல் பதிவு அனுப்பினான், அதுவும் தமிழில். "அண்ணே, நானும் தோட்டத்தில் பிறந்த பையன்தான். எங்கப்பா மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனவர். நான் போய் உங்களுக்குக் கள்ளச் சாமான் தருவேனா?" என்றான். கூடவே அந்தக் கயிற்றில் ஒரு ஆள் தொங்குகிற வீடியோ. அந்தக் குரலைக் கேட்டதும் என் தங்கச்சி கண் கலங்கிவிட்டாள். "நம்ம பிள்ளை மாதிரி இருக்கான், வாங்கு அண்ணே" என்றாள். 2,860 வெள்ளியைக் கட்டினேன். இதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. அவன் அப்பா விழுந்தாரோ இல்லையோ, விழுந்தவன் வலியைச் சொல்லி வியாபாரம் பண்ணியிருக்கிறான்.

பெட்டி வந்தது. பார்வைக்கு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. என் தங்கச்சி மகன் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே வந்தவன் கேரபினரில் நின்றுவிட்டான். ஐந்திலும் ஒரே சீரியல் எண். அசல் தயாரிப்பில் ஒவ்வொன்றுக்கும் தனி எண் இருக்கும். ஐரோப்பிய விதிக்கு உட்பட்டது என்று காட்டுகிற சி.ஈ. முத்திரை இருந்தது, ஆனால் பக்கத்தில் நான்கு இலக்க எண் இல்லை. உயரத்தில் உயிரைக் காப்பாற்றுகிற சாமானுக்கு அந்த எண் கட்டாயம். எந்த அமைப்பு மேற்பார்வை செய்கிறது என்று காட்டுவதே அதுதான். சந்தேகம் வந்த பிறகு கயிற்றின் நுனியை வெட்டினோம். ஈ.என். 1891 கயிறு என்றால் உள்ளே ஒரு மெல்லிய நாடா ஓடும். செய்தவர் பெயர், தர எண், வகை, ஆண்டு, எந்த நூல் என்பதெல்லாம் அதில் திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கும். இதில் நாடாவே இல்லை. வெளியுறை மட்டும் அழகாகப் பின்னியிருந்தது. உள்ளே வெள்ளை நூல் தொளதொளவென்று கிடந்தது. கையால் இழுத்தாலே உறை தனியாக நகர்ந்து சட்டைக் கைபோலச் சுருங்கியது.

அப்புறம் வெட்டின துண்டை வாளித் தண்ணீரில் போட்டான். "மாமா, இது மிதக்குது" என்றான். நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும். மிதப்பது பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். படகுக்காரரும் லோரிக்காரரும் சாமான் கட்டுகிற கயிறு அந்த வகை. வெயிலில் சீக்கிரம் வலுவிழக்கும், உரசல் சூட்டில் நைலானுக்கு முன்னாலேயே இளகும். ஏ வகைக் கயிறு 22 கிலோநியூட்டன் தாங்க வேண்டும். தோராயமாகச் சொன்னால் இரண்டு டன்னுக்குமேல் எடை. இது எவ்வளவு தாங்கும் என்று யாருக்குத் தெரியும்? இந்தக் கயிற்றில்தான் அந்தப் பையன் அரசமரத்தின் உச்சியில் ரம்பத்தோடு தொங்கப் போயிருந்தான்.

ரோப் ரெஞ்ச் கதை இன்னும் மோசம். கெவின் பிங்கம் என்ற அமெரிக்க மரமேறி கண்டுபிடித்த சாமான் அது. கயிற்றை வளைத்து உரசலில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும். அதனால்தான் ஒற்றைக் கயிற்றில் ஹிட்ச் முடிச்சு இறுகிப் போகாமல் இறங்க முடிகிறது. அதைப் பிடித்து நிறுத்துகிற வார் விறைப்பாக இருக்க வேண்டும். எங்களுக்கு வந்தது துவண்ட பை வார். ரெஞ்ச் நிற்கவே இல்லை, முடிச்சின்மேல் சாய்ந்து விழுந்தது. ஹேண்ட் அசெண்டரைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் சோதித்தோம். பையன் உட்கார்ந்ததும் சறுக்கியது. அதற்குமேல் சோதிக்க நான் விடவில்லை.

உடனே அவனுக்குப் படம் எல்லாம் அனுப்பினேன். முதலில், "அது புது மாடல் அண்ணே, கொஞ்சம் பழகினா செட் ஆயிடும்" என்றான். நாடா எங்கே என்று கேட்டேன். "ஆசியாவுக்கு வர்றதில் நாடா போட மாட்டாங்க" என்றான். பச்சைப் பொய். மிதக்கிற வீடியோவை அனுப்பினதும் தமிழ் போயிற்று. அதன்பிறகு எல்லாம் மலாயில், வெட்டி ஒட்டின வரிகள். சப்ளையரைக் கேட்கிறேன் என்றான். பிறகு 50 வெள்ளி வவுச்சர் தருகிறேன், நட்சத்திரத்தைக் குறைக்காதீர்கள் என்று கேட்டான். 2,860 வெள்ளிக்கு 50 வெள்ளி! பிறகு பார்த்தும் பதில் இல்லை.

சந்தைக்காரர்களிடம் போனேன். முதலில் மெஷின் பேசியது, "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று. பிறகு ஒரு பெண் வந்தார், படம் கேட்டார், அனுப்பினேன். அடுத்து வேறொருவர் வந்து அதே படத்தைக் கேட்டார். கடைசியில் மூன்றாவது ஆள் சொன்னது: கடைப் பக்கத்தில் 'கயிறு' என்று போட்டிருக்கிறது, வந்ததும் கயிறுதான், அதுவும் வெட்டியாகிவிட்டது, திருப்பி எடுக்க முடியாது. போலி என்றால் அசல் கம்பெனியிடமிருந்து கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். வெட்டாமல் உள்ளே பார்ப்பது எப்படி என்று கேட்டேன். உரையாடலை மூடிவிட்டார்கள். ஒரு உயிர் போகும் விஷயம் என்று எழுதினேன். அதற்கு ஐந்து நட்சத்திரத்தில் எங்கள் சேவையை மதிப்பிடுங்கள் என்று வந்தது.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை, மூன்று நான்கு விஷயம் மட்டும் சொல்கிறேன். கயிறு, கேரபினர், அசெண்டர் இவற்றைக் கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய, ரசீதில் முழு முகவரி போடுகிற கடையில் வாங்குங்கள்; ஈப்போவோ கோலாலம்பூரோ, போய் வருகிற செலவு பரவாயில்லை. சீரியல் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். கயிற்று நுனியில் நாடா தெரிகிறதா என்று கடைக்காரரை வைத்துக்கொண்டே பாருங்கள். பெட்டி பிரிப்பதை முதலிலிருந்து வீடியோ எடுங்கள். தமிழில் பேசுகிறான் என்பதற்காக ஒரு வெள்ளி கூடக் கொடுக்காதீர்கள்.

உள்நாட்டு வாணிப அமைச்சான கே.பி.டி.என்.-க்குப் புகார் போட்டுவிட்டேன். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கேட்கலாம், கட்டணம் 5 வெள்ளிதான். ஆனால் எதிர்த்தரப்பு முகவரி வேண்டும், அவன் கடைப் பக்கத்தில் ஊர் பெயர் மட்டும்தான் இருக்கிறது. இதே மாதிரி ஆரஞ்சும் கறுப்பும் கலந்த 45 மீட்டர் கயிறு, தமிழில் குரல் பதிவு அனுப்புகிற ஆளிடம் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள், சேர்ந்து புகார் கொடுப்போம். அதுவரை அந்தக் கயிற்றில் ஏறாதீர்கள். வேறு யாருக்கும் விற்கவும் செய்யாதீர்கள், துண்டு துண்டாக வெட்டிப் போடுங்கள்.