வன்னிக் கிணத்து டேட்டாவும் மிக்ஸ்ட் மொடலும்: கன வருசம் பாவிச்ச அனுபவம்

புள்ளிவிபரக் கணக்குப் பாக்கிற சொஃப்ட்வெயாரில எஸ்பிஎஸ்எஸ் நல்லதோ, ஜமோவி போதுமோ, இல்லாட்டி ஆர் (R) படிச்சே ஆகோணுமோ எண்டு கேக்கிற ஆக்களுக்காக இதை எழுதுறன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் சுகாதார ஆய்வு செய்யிற பிள்ளையளுக்கு டேட்டா பாத்துக் குடுக்கிறதுதான் கன வருசமா என்ர வேலை, சிறுநீரகம், பல்லுக் கறை, பாம்புக்கடி, சீனி வருத்தம் எண்டு எல்லாம் வரும். மூண்டு சொஃப்ட்வெயாரையும் நல்லாப் பாவிச்சாச்சு. என்னைக் கேட்டா சொஃப்ட்வெயார் பிறகு, எந்த மெதட் உங்கட டேட்டாவுக்குப் பொருந்தும் எண்டதுதான் முதல், அதிலயும் இஞ்ச எடுக்கிற டேட்டாவுக்கெண்டு ஒரு குணம் இருக்கு, அதைப் பாக்காம டெஸ்ட் போட்டா வாற இலக்கம் எல்லாம் சும்மா.

ரெண்டு கூட்டத்தின்ர சராசரியை ஒப்பிடுற டி டெஸ்ட், எண்ணிக்கையளை ஒப்பிடுற கைஸ்குவெயார், ஆம் இல்லை எண்டு வாற முடிவுக்குப் போடுற சாதாரண லொஜிஸ்டிக் ரிக்ரெஷன் மூண்டும் ஒரு விசயத்தை நம்பித்தான் நிக்குது. எக்ஸெல் ஷீட்டில இருக்கிற ஒவ்வொரு வரியும் மற்ற வரியோட ஒட்டில்லாத தனி ஆள் எண்டு அதுகள் எடுத்துக்கொள்ளுது. டப்ளினில கின்னஸ் பியர் கொம்பனியில வேலை செய்த கொசெட் 1908 இல டி டெஸ்ட்டைக் குடுத்ததே சின்ன சாம்பிளுக்காகத்தான், அந்த வகையில எங்களுக்குத் தோதான சாமான்தான், ஆனா சாம்பிள் சின்னனா இருக்கிறது வேற, சாம்பிளுக்குள்ள ஆக்கள் ஒட்டிக் கிடக்கிறது வேற. மாங்குளம் தாண்டி உள்ளுக்குப் போற ஒரு கிராமத்தை எடுங்கோ, ஒரு கிணத்தில நாலஞ்சு வீடு தண்ணி அள்ளும், அந்த நாலஞ்சு வீடும் பெரியப்பா வீடு, சித்தி வீடு, மச்சான் வீடு எண்டுதான் இருக்கும், ஒரே குளத்து வயல், ஒரே கடையில வாங்கின கிருமிநாசினி, இப்ப ஒரே ஆர்ஓ மெசினில வடிகட்டின தண்ணி. இவையிட்ட ரத்தம் எடுத்து, சிறுநீரகம் எப்பிடி வேலை செய்யுது எண்டு காட்டுற கிரியட்டினின் பாத்தா ஒருத்தற்ற இலக்கத்தை வைச்சே மற்றவற்ற இலக்கத்தை ஓரளவு சொல்லலாம். அப்ப 15 பேரிட்ட எடுத்தாலும் 15 பேரின்ர தகவல் கையில இல்லை.

ஒரு தம்பி வந்தவர். கிணத்துத் தண்ணியில புளோரைட் லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல இருக்கிற இடத்துச் சனத்துக்கு சிறுநீரக இலக்கம் வித்தியாசப்படுதோ எண்டு பாக்கிற ஆய்வு, அந்த 1.5 உலக சுகாதார நிறுவனம் வைச்ச எல்லை. அவர் கொண்டந்த பி வலியூ எண்டது, உண்மையில வித்தியாசமே இல்லாட்டியும் இவ்வளவோ இதுக்கு மேலயோ வித்தியாசம் தற்செயலா வாற சாத்தியம்.

"அக்கா, பி வலியூ 0.03 வந்திட்டுது, எழுதட்டோ?"

"எத்தினை கிணறு தம்பி?"

"கிணறோ? ஆக்கள் இருநூறுக்கு மேல இருக்கினம் அக்கா."

"ஆக்களைக் கேக்கேல்ல. புளோரைட் அளந்தது எத்தினை கிணத்தில?"

ஷீட்டை மேலயும் கீழயும் உருட்டிப்போட்டு 18 எண்டார். அப்ப அவர் உண்மையில 18 கிணத்தைத்தான் ஒண்டோட ஒண்டு ஒப்பிடுறார், ஏனெண்டா புளோரைட் இலக்கம் ஆளுக்கு ஆள் மாறேல்ல, கிணத்துக்குக் கிணறுதான் மாறுது. ஒரே கிணத்து ஆக்கள் ஒட்டிக் கிடக்கிறதையும் கணக்கில எடுக்கிற மிக்ஸ்ட் மொடலைக் கிணத்தை உள்ளுக்கு வைச்சுப் போட்டதும், உண்மையான வித்தியாசம் எங்க இருக்கலாம் எண்டு காட்டுற கொன்ஃபிடன்ஸ் இன்டர்வல் பூச்சியத்தின்ர ரெண்டு பக்கமும் விரிஞ்சு போச்சு, அதாவது வித்தியாசம் இருக்கெண்டு அடிச்சுச் சொல்லேலாது. ஆள் சரியான மனவருத்தம். நான் சொன்னது, அந்த இன்டர்வலை அப்பிடியே எழுதும், இவ்வளவு கிணத்தை வைச்சு இவ்வளவுதான் சொல்லலாம் எண்டு எழுதிறதில ஒரு வெக்கமும் இல்லை எண்டு. பி வலியூவை மட்டும் வைச்சு முடிவு எடுக்காதேங்கோ எண்டு அமெரிக்கப் புள்ளிவிபரச் சங்கமே 2016 இல அறிக்கை விட்டது, எங்கட பக்கம் பி வலியூ 0.05 இக்குக் கீழ வந்தாக் காணும் எண்டு இன்னும் அதையே கும்பிட்டுக்கொண்டுதான் இருக்கினம்.

இதுக்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கு, எல்லாரும் கையால போட்டுப் பாக்கலாம். 20 கிணறு, கிணத்துக்கு 15 பேர், மொத்தம் 300 பேர் எண்டு வைப்பம். ஒரே கிணத்து ஆக்கள் எவ்வளவுக்கு ஒத்துப் போகினம் எண்டு காட்டுற இலக்கம்தான் ஐசிசி, அது 0.1 எண்டு வைச்சா, 15 இல ஒண்டைக் கழிச்சு 0.1 ஆல பெருக்கி ஒண்டைக் கூட்டினா 2.4 வரும், இதைத்தான் டிசைன் எஃபெக்ட் எண்டுறது. 300 ஐ 2.4 ஆல பிரிச்சா 125. கிணத்துத் தண்ணியைப் பற்றின கேள்விக்கு உங்கட 300 பேர் 125 பேருக்குத்தான் சமன். 0.1 எண்டது பாக்க ஒண்டுமில்லாத இலக்கம் மாதிரி இருக்கும், ஆனா வேலையைக் காட்டிப்போடும். வயசு, ஆணோ பெண்ணோ மாதிரி ஒரே கிணத்துக்குள்ளயே மாறுற விசயங்களுக்கு இந்தளவு அடி விழாது, அதால எல்லாத்துக்கும் பயப்பிடத் தேவையில்லை.

இனி மிக்ஸ்ட் மொடல் பாவிச்ச கதை. லெயார்ட், வெயார் ரெண்டு பேரும் 1982 இல எழுதின கட்டுரைக்குப் பிறகுதான் இது மருத்துவ ஆய்வுக்குள்ள பெரிசா வந்தது. ஒவ்வொரு கிணத்துக்கும் ஒரு தனி ஆரம்ப மட்டம் குடுத்து, அந்த மட்டங்கள் எவ்வளவு பரவிக் கிடக்கு எண்டு பாத்துக்கொண்டே மற்றக் கணக்கைச் செய்யும். எனக்கு இதில கூடப் பிடிச்சது ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப அளக்கிற ஆய்வுக்கு இது குடுக்கிற உதவி. ஜிஎஃப்ஆரை, அதாவது சிறுநீரகம் ரத்தத்தை வடிக்கிற வேகத்தை வைச்சு நாட்பட்ட சிறுநீரக நோய் எண்டு சொல்லுறதுக்கு அது 60 இக்குக் கீழ குறைஞ்சது 3 மாசம் நிக்கோணும், ஒருநாள் கிளினிக்கில எடுத்த ரத்தத்தை வைச்சு முத்திரை குத்தேலாது, நடு வெயிலில வயலுக்க நிண்டுட்டு தண்ணி வென்னியும் குடியாம வந்த மனிசனுக்கு கிரியட்டினின் கூடித்தான் இருக்கும். அப்ப திரும்பக் கூப்பிடோணும், கூப்பிட்டா தை மாசியில காலபோக அறுவடை, ஆர் வருவினம்? ஒரு தவணை வராத ஆளை பழைய ரிப்பீட்டட் மெஷர்ஸ் அனோவா முழுசாத் தூக்கி எறிஞ்சு போடும், மிக்ஸ்ட் மொடல் வந்த தவணையளை வைச்சுக்கொண்டு அந்தாளையும் கணக்கில சேர்க்கும். இதுக்காகவே நான் அனோவாவை விட்டனான்.

குறையும் இருக்கு, சும்மா புகழேல்ல. கிணறு குறைவா இருந்தா ஆரில எல்எம்ஈ4 பக்கேஜ் "சிங்குலர் ஃபிட்" எண்டு ஒரு எச்சரிக்கை காட்டும், அதைக் கண்டதும் பிள்ளையள் கிணத்தை மொடலில இருந்து எடுத்துப்போட்டு பழைய ரிக்ரெஷனுக்கே ஓடுவினம். கிணத்துக்குக் கிணறு உள்ள வித்தியாசத்தை இந்த டேட்டாவால பிரிச்சுப் பாக்க ஏலாம, மொடல் அதைப் பூச்சியம் எண்டு வைச்சிட்டுது எண்டதுதான் அதின்ர கருத்து, உண்மையிலயே வித்தியாசம் இல்லை எண்டு அர்த்தம் இல்லை. கிணறு குறைவான நேரம் கென்வார்ட் ரோஜர் திருத்தத்தைப் போட்டு இன்டர்வலைப் பாருங்கோ, 1997 இல வந்தது, கொஞ்சம் அகலமா வரும், அந்த அகலம்தான் நேர்மை. ஜிஈஈ எண்டு லியாங்கும் ஸீகரும் 1986 இல கொண்டுவந்த, ஒட்டிக் கிடக்கிற ஆக்களைக் கணக்கில எடுக்கிற மற்ற வழியையும் பாவிச்சனான், கிராமம் 40, 50 எண்டு இருந்தா அருமை, 10, 15 கிராமத்தோட போனா ஸ்டான்டர்ட் எரரை, அதாவது கணக்கு எவ்வளவு தளம்பும் எண்ட இலக்கத்தை, உள்ளதை விடக் குறைச்சுக் காட்டிப்போடும், அதால எங்கட அளவுக்கு நான் அதை ஒதுக்கித்தான் வைச்சிருக்கிறன்.

பாம்புக்கடி டேட்டாவில வேற ஒரு கரைச்சல். முத்திரைப் புடையன் (கண்ணாடி விரியன்) கடிச்ச ஆக்களில சிறுநீரகம் பாதிச்சவை கொஞ்சப் பேர், அதில ஆஸ்பத்திரிக்கு வந்த உடன செய்த 20 நிமிச ரத்தம் உறையிற டெஸ்ட்டில ரத்தம் ஒழுங்கா உறைஞ்ச ஒருத்தருக்குக் கூட அந்தப் பாதிப்பு இல்லை எண்டு வந்தா, சாதாரண லொஜிஸ்டிக் விசர் பிடிச்ச மாதிரி பாதிப்பு வாற வாய்ப்பு எத்தினை மடங்கு எண்டு சொல்லுற ஒட்ஸ் ரேஷியோவைக் கோடிக் கணக்கில காட்டும். அட்டவணையில ஒரு கட்டத்தில பூச்சியம் இருக்கிறதாலதான் உது வாறது. ஃபெர்த் 1993 இல குடுத்த திருத்தம் இருக்கு, ஆரில லொஜிஸ்ட்எஃப் எண்ட பக்கேஜ், போட்டா இலக்கம் மனிசர் நம்பக்கூடிய மாதிரி வரும். இன்டர்வல் அகலமாத்தான் இருக்கும், அதுக்கு ஒண்டும் செய்யேலாது.

எல்லாத்தையும் விடப் பெரிய கரைச்சல் காணாமப் போன டேட்டா. ஃபோர்மில "எத்தினை வருசமா இந்தக் கிணத்துத் தண்ணி குடிக்கிறீங்கள்" எண்டு ஒரு கேள்வி, பதில் "30 வருசம்" எண்டு இருக்கும். வன்னியில அது எப்பிடிச் சரியாகும்? 2008, 2009 இல யுத்தத்தில கிளிநொச்சி, முல்லைத்தீவுச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து, செட்டிகுளத்தில மெனிக்பாம் முகாமில இருந்து பவுசரில வந்த தண்ணியைக் குடிச்சு, பேந்து மீள்குடியேறி, சில பேர் பழைய காணிக்கே திரும்பிப் போகாம வேற இடத்தில கிணறு வெட்டி இருக்கினம். அதுக்கு முதலும் எத்தினை இடப்பெயர்வு. வேற மாகாணத்துக்கு எழுதின ஃபோர்மை அப்பிடியே மொழிபெயர்த்துக் கொண்டந்தா இது பிடிபடாது. நான் இப்ப ஒரே கேள்வியா விடாம, எந்த வருசத்தில இருந்து எந்த வருசம் வரை எந்த ஊர், எந்தத் தண்ணி எண்டு துண்டு துண்டாக் கேக்கச் சொல்லுறன், கோயில் திருவிழா, பிள்ளை பிறந்தது எண்டு ஏதாவது ஒண்டைச் சொல்லிக் கேட்டா அம்மாமாருக்கு வருசம் வடிவா ஞாபகம் வரும்.

பழைய கிளினிக் கொப்பியளும் அந்த நேரத்தோட போனது. வெற்று இடங்களுக்கு ரூபின் 1987 இல புத்தகமா எழுதின மல்டிப்பிள் இம்பியூட்டேஷன் இருக்கு, மற்ற இலக்கங்களை வைச்சு வெற்று இடத்தைக் கனதரம் நிரப்பிப் பாக்கிற முறை, ஆரில மைஸ் பக்கேஜ் நல்லா வேலை செய்யும், கிணத்தையும் அதுக்குள்ள சேர்த்துப் போடோணும், இல்லாட்டி மிக்ஸ்ட் மொடலுக்கு வாற நேரம் கிணத்து ஒற்றுமை கரைஞ்சு போயிடும். ஆனா இந்த முறை, வெற்று இடம் ஏன் வந்தது எண்டதை கையில இருக்கிற மற்ற இலக்கங்கள் விளங்கப்படுத்தும் எண்டு நம்பித்தான் நிக்குது. கொப்பியைத் துலைச்ச சனம் ஆர்? கூடத் தரம் இடம்பெயர்ந்த சனம், கூட நாள் மருந்தில்லாம இருந்த சனம். அவையின்ர இலக்கம் மற்றவையின்ர மாதிரித்தான் இருந்திருக்கும் எண்டு ஆர் சொல்லுறது? அதால நிரப்பின இலக்கங்களை 10 வீதம், 20 வீதம் மோசமாக்கிப் போட்டும் முடிவு மாறுதோ எண்டு பாத்து அதையும் சேர்த்து எழுதச் சொல்லுவன். இதை ஒருத்தரும் விரும்புறேல்ல.

சொஃப்ட்வெயார் கதையைக் கெதியா முடிக்கிறன். எஸ்பிஎஸ்எஸ் 1968 இல இருந்து இருக்கிற சாமான், மெனு வடிவா இருக்கும், ஆனா மிக்ஸ்ட் மொடல் அடிப்படைப் பக்கேஜோட வராது, காசும் எங்களுக்குக் கட்டுப்படியாகாது, கள்ளக் கொப்பியில வைரஸும் சேர்ந்து வரும். ஜமோவி இலவசம், அடியில ஓடுறது ஆர்தான், ஜிஏஎம்எல்ஜே எண்ட மொடியூலைப் போட்டா மிக்ஸ்ட் மொடல் மவுஸாலயே செய்யலாம், தொடங்குற ஆக்களுக்கு இதுதான். ஆர் படிக்கக் கொஞ்சம் பல்லைக் கடிக்கோணும், ஆனா சுப்பவைசர் கடைசி நேரத்தில "60 வயசுக்கு மேல உள்ளவையை எடுத்துப்போட்டுத் திரும்ப ஓட்டு" எண்டேக்க ஸ்கிரிப்ட்டில ஒரு வரியை மாத்தினாக் காணும். விண்டோஸில ஆர் 4.2 இக்கு முதல் வந்ததை வைச்சிருக்கிற ஆக்கள் மாத்துங்கோ, ஊர்ப்பேரைத் தமிழில போட்டா எழுத்துக்குப் பதிலா இலக்கக் குறியாக் காட்டின வருத்தம் 2022 இல வந்த 4.2 ஓட போச்சு. ஊர்ப்பேர் எண்டேக்க ஒண்டு, "மல்லாவி" எண்டும் கடைசியில ஒரு ஸ்பேஸ் விட்டு "மல்லாவி " எண்டும் இருந்தா மொடல் அதை ரெண்டு ஊரா எண்ணும், கிணத்துக்கும் வீட்டுக்கும் இலக்கம் போடுங்கோ.

டி டெஸ்ட் செய்யிறதுக்கு முதல், இலக்கங்கள் மணி வடிவில பரவிக் கிடக்கோ எண்டு பாக்கிற ஷப்பிரோ வில்க் டெஸ்ட் போட்டு "நோர்மல்" எண்டு சான்றிதழ் எடுக்கிற சடங்கை விடுங்கோ. சாம்பிள் சின்னன் எண்டா அது ஒண்டையும் கண்டுபிடியாது, பெரிசு எண்டா தேவையில்லாததுக்கெல்லாம் கத்தும். சிறுநீர் அல்புமின் மாதிரி ஒரு பக்கம் இழுபட்டுக் கிடக்கிற இலக்கத்தை படமாக் கீறிப் பாத்து லொக் (மடக்கை) எடுத்தா பாதிப் பிரச்சினை தீரும்.

இப்ப ஆய்வு தொடங்க முதல் வாற ஆக்களிட்ட நான் கேக்கிறது, கிணறு கூட்டலாமோ எண்டு. அதே 300 பேர்தான், 20 கிணத்தில 15 பேருக்குப் பதிலா 60 கிணத்தில 5 பேர் எடுத்தா டிசைன் எஃபெக்ட் 1.4, 125 பேருக்குச் சமனா இருந்தது 214 ஆகுது, சிங்குலர் ஃபிட் தொல்லையும் குறையும். ரத்தப் பரிசோதனைச் செலவு அதேதான். தண்ணி டெஸ்ட் செலவு மூண்டு மடங்கு, ஏ9 ஐ விட்டு இறங்கி ஒட்டுசுட்டான், நெடுங்கேணி உள் றோட்டுகளில மோட்டச்சைக்கிள் ஓடுற பெற்றோல் காசும் கூடும். பட்ஜெட் எழுதேக்க அந்தப் பெற்றோலை முதலே போட்டு வையுங்கோ, பிறகு கேட்டா ஒருத்தரும் தராயினம்.