ஸ்டேலி வழியா, மல்கி வழியா?

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தில் டான் ஸ்டேலி, கிம் மல்கி இருவருமே 2000-இல்தான் தலைமைப் பயிற்சியாளர் ஆனார்கள். இருவரும் பாயின்ட் கார்டு (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் ஆட்டக்காரி), இருவரிடமும் ஒலிம்பிக் தங்கம். ஆனால் அங்கே வந்து சேர்ந்த வழி வேறு.

மல்கி தான் படித்த லூசியானா டெக் பல்கலைக்கழகத்திலேயே 15 வருடம் உதவிப் பயிற்சியாளர். ஆள் எடுப்பது, எதிரணி ஆட்டத்தை அலசுவது, ஓரமாக உட்கார்ந்து இன்னொருவர் முடிவெடுப்பதைப் பார்ப்பது என்று எல்லாம் பழகிய பிறகு, அங்கே தலைமைப் பதவி காலியானபோது அவர் கேட்ட 5 வருட ஒப்பந்தம் கிடைக்கவில்லை, சரி என்று பேலர் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். முந்தைய சீசனில் 20 ஆட்டம் தோற்ற அணி அது. 2005-இல் தேசிய சாம்பியன்!

ஸ்டேலிக்கு உதவியாளர் காலமே கிடையாது. டெம்பிள் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்துகொண்டே 2006 வரை டபிள்யூ.என்.பி.ஏ.வில் (அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீக்) ஆடினார், கோடையில் ஆட்டக்காரி, குளிர்காலத்தில் கோச். (இன்று யாராவது இதற்குச் சம்மதிப்பார்களா, சந்தேகம்தான்.) 2008-இல் தென் கரோலினா பல்கலைக்கழகம். முதல் சீசனில் 10 வெற்றி, 18 தோல்வி. முதல் தேசியப் பட்டம் 2017-இல்தான், அப்புறம் 2022, 2024. பெயரைப் பார்த்துப் பதவி கொடுத்தார்கள் சரி, ஆனால் வேலையை அவர் எல்லோர் கண்முன்னும் தோற்றுத் தோற்றுத்தான் கற்க வேண்டியிருந்தது.

என்னைக் கேட்டால், பயிற்சியாளராக ஆசைப்படுபவர்களில் பெரிய ஆட்டக்காரியாக இல்லாதவருக்கு மல்கி வழிதான். பெயர் இருப்பவர்கள் ஸ்டேலியைப் பார்த்து ஆசைப்படலாம், முதலில் ஒரு சின்ன கல்லூரி பொறுமையாகக் காத்திருக்குமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.