பஸ்ஸர் ஒலித்தால் பக்கம் பதிவாகியிருக்க வேண்டும்: பழைய பேரேடுகளைப் படமெடுத்த இரண்டாண்டு அனுபவம்

என் தாத்தா நடத்திய மளிகைக் கடையின் பேரேடுகளும் நாள்வழிகளுமாக 31 கணக்குப் புத்தகங்கள் பரணில் கிடந்தன. இராமபாணப் பூச்சி பாதியைத் துளைத்துவிட்டது. மிச்சத்தையாவது காப்பாற்றலாம் என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் பைத்தான் மொழியில் ஒரு நிரலை எழுதினேன். ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் முதுகுத் தையல் விட்டுப்போகும் என்பதால், மேசைக்கு மேலே கேமராவைப் பொருத்தி, யுஎஸ்பி கால்மிதியை அழுத்தும்போதெல்லாம் ஒரு படம் சேமிக்கப்பட்டு, சேமித்த சேதி ஒலியாக வரும்படி அமைத்தேன். இரு கைகளும் தாளைப் பிடித்திருக்கும்போது திரையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்க இயலாது. ஒலி கேட்டால் அடுத்த பக்கம், அவ்வளவுதான் ஏற்பாடு.

முதலில் மடிக்கணினியும் ஒரு சாதாரண வெப்கேமும்தான் இருந்தன. மூன்றாவது புத்தகத்தைச் சரிபார்த்தபோது, 47ஆம் பக்கம் இரண்டு முறை பதிவாகி 48ஆம் பக்கம் காணாமல் போயிருந்தது. வெப்கேமைத் திறந்தே வைத்திருந்தால், படங்களைக் கையாள நான் பயன்படுத்திய ஓபன்சிவி என்ற நிரல் நூலகத்துக்கும் கேமராவுக்கும் இடையில் சில படங்கள் வரிசையில் காத்திருக்கும்; நாம் கேட்கும்போது வருவது அந்த வரிசையின் பழைய படம். மிதித்தவுடன் ஐந்து படங்களை வெறுமனே எடுத்துக் கழித்துவிட்டு ஆறாவதைச் சேமிக்கத் தொடங்கிய பிறகு இந்தத் தொல்லை வரவில்லை.

அதைவிடப் பெரிய அடி ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் விழுந்தது. 214 பக்கங்களைப் புரட்டினேன்; 214 முறையும் ஒலி கேட்டது; கோப்புறையைத் திறந்தால் ஒரு படமும் இல்லை. பென் டிரைவைக் கழற்றி மாட்டியதில் அதன் பாதை மாறிவிட்டிருந்தது. படத்தைக் கோப்பாகச் சேமிக்கும் ஓபன்சிவியின் ஐஎம்ரைட் செயற்கூறு, இல்லாத கோப்புறையில் எழுதச் சொன்னால் பிழை எதையும் எழுப்பி நிரலை நிறுத்துவதில்லை. ‘ஃபால்ஸ்’ (நடக்கவில்லை) என்ற மதிப்பைத் திருப்பித் தந்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். அதை நான் வாங்கிப் பார்க்கவே இல்லை. என் நிரலில் சேமிக்கும் வரிக்கு அடுத்த வரி ஒலி எழுப்பும் வரி. ஆக, அந்த ஒலிக்கு ‘சேமிக்க முயன்றேன்’ என்பதற்கு மேல் பொருள் ஒன்றுமில்லை. பக்கங்களை இரண்டாம் முறை புரட்டும்போது உதிர்ந்த தாள் ஓரங்களை எண்ணினால் இன்றும் மனம் வலிக்கிறது.

இரண்டாம் ஆண்டில் ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறிய கணினிக்கும் அதன் கேமரா மாட்யூல் 3க்கும் மாறினேன். வெப்கேமின் 1920 புள்ளிகளை ஏ4 தாளின் நீளம் முழுவதும் பரப்பினாலும் அங்குலத்துக்கு 164 புள்ளிதான் கிடைக்கும். தாத்தா எழுதிய அரைக்காலும் (1/8) மாகாணியும் (1/16) அதில் ஒன்றுபோலத் தெரிந்தன. புதிய கேமராவின் 4608 புள்ளிகளுக்கு, 30 செ.மீ. உயரத்திலிருந்து எடுத்தால் சுமார் 300 புள்ளி அமைகிறது. தானாகக் குவியம் தேடும் வசதியை நிறுத்திவிட்டு, லென்ஸின் நிலையை 3.3 என்று பூட்டினேன் (1ஐ மீட்டர் தொலைவால் வகுத்தால் வரும் எண் அது). மாறிய முதல் நாளில் ஒரு வேடிக்கை: பேரேட்டின் முதல் பக்கத்தில் தடவியிருந்த மஞ்சளும் குங்குமமும் படத்தில் நீலமாக வந்தன. ஓபன்சிவிக்கு நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசை வேண்டும் என்பதால் பையின் கேமராவை இயக்கும் பைகேமரா2 நூலகத்தில் ‘பிஜிஆர்888’ என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அந்த நூலகத்தில் ‘ஆர்ஜிபி888’ என்ற பெயரில் இருப்பதுதான் உண்மையில் அந்த வரிசையைத் தருகிறது.

மடிக்கணினிக்கு பேட்டரி உண்டு, ராஸ்பெர்ரி பைக்கு இல்லை. மின்சாரம் போய் வந்தபோது கடைசி சில படங்கள் பூஜ்ய பைட் கோப்புகளாக நின்றன. எழுதியதாக நிரல் நம்பினாலும், தரவு சிறிது நேரம் நினைவகத்திலேயே தங்கி, பிறகுதான் மெமரி அட்டைக்குப் போகிறது. இப்போது படத்தை முதலில் ஜேபெக்காக நினைவகத்தில் மாற்றி, தற்காலிகப் பெயரில் எழுதி, எஃப்சிங்க் என்ற கட்டளை மூலம் அட்டையில் இறக்கி, அதன் பிறகே உரிய பெயருக்கு மாற்றுகிறேன். அந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் நிரல் நின்றுவிடும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் பஸ்ஸருக்கு முறை வருகிறது. மிதித்ததிலிருந்து ஒன்றரை நொடிக்குள் ஒலி கேட்டுவிடுவதால் வேகம் குறைந்ததாகத் தோன்றவில்லை.

பஸ்ஸர் என்பது சில ரூபாய்ப் பொருள்தான். ஆனால் வீட்டில் அதிகம் பேச்சு வாங்கித் தந்தது அதுவே. “ஒவ்வொரு தாளுக்கும் இது கத்தணுமாடா?” என்று அம்மா கேட்ட இரவில், அதன் துளையின் மேல் செல்லோ டேப் ஒட்டினேன், ஒலி பாதியாகிவிட்டது, எனக்கு அதுவே போதும். பஸ்ஸரை இயக்கும் ஜிபிஐஓஜீரோ நூலகம் இந்த ஒலியைப் பின்னணியில் நடத்துவதால், கடைசிப் பக்கத்துடன் நிரல் முடியும்போது ஒலியும் அறுந்துவிடும். அந்தப் பக்கம் பதிவாகவில்லையோ என்று பல நாள் குழம்பியிருக்கிறேன்.

சேமிப்புக்கு ஒரு குட்டை ஒலி, தோல்விக்கு ஒரு நீண்ட ஒலி என்று வைத்ததோடு, படம் கலங்கியிருந்தாலும் நீண்ட ஒலி வரும்படி பின்னர் சேர்த்தேன். படத்தின் விளிம்புகளை எடுத்துக்காட்டும் லாப்லாசியன் வடிகட்டியின் மாறுபாட்டு அளவு குறைந்தால் படம் கலங்கல் என்று நிரல் கொள்கிறது. கை நடுங்கி அசைந்த பக்கங்களை இது நன்றாகவே பிடித்துக் கொடுத்தது. ஆனால் எழுத்தே இல்லாத வெற்றுப் பக்கங்களையும் கலங்கல் என்று அலறியது. ஒவ்வொரு பேரேட்டின் முடிவிலும் பத்து இருபது வெற்றுத் தாள்கள் இருக்கும். கணக்கை மாற்றி மாற்றிப் பார்த்து அலுத்த பின், தாளின் ஓரத்தில் பள்ளிப் பிள்ளைகளின் 15 செ.மீ. அளவுகோல் ஒன்றை வைத்தேன். அதன் கோடுகள் கூர்மையாக விழுந்தால் வெற்றுப் பக்கத்துக்கும் குட்டை ஒலி வருகிறது; தாளின் அளவும் படத்திலேயே பதிவாகிவிடுகிறது. 27 புத்தகங்கள் முடிந்துவிட்டன; தொட்டால் உதிரும் நான்கு மட்டும் இன்னும் பரணில் இருக்கின்றன.